சபையும் சமூக நீதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் சமூகப் பணி பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது கேட்பார்கள், கமிட்டி கூட்டத்தில் கேட்பார்கள், சிலர் கோபமாகவே கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். முதலில் அடிப்படையானவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

ஆத்துமாக்களை இரட்சிப்புக்குள்ள நடத்துறதுதானே சபையோட வேலை? இந்தச் சமூக வேலை எல்லாம் எதுக்கு?

லூக்கா 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து நின்று ஏசாயாவின் சுருளை வாசிக்கிறார். தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, குருடருக்குப் பார்வை என்று வாசித்து முடித்து, இது இன்றைக்கு நிறைவேறிற்று என்கிறார். இதில் எது ஆத்துமாவுக்கு, எது சரீரத்துக்கு என்று அவர் கோடு போடவில்லை. மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கப்போகும் கேள்விகளும் பசி, தாகம், உடை, நோய், சிறை பற்றியவைதான்.

20ஆம் நூற்றாண்டில் இதை வைத்து சபைகள் இரண்டு பட்டன. ஒரு பக்கம் சுவிசேஷம் மட்டும், இன்னொரு பக்கம் சேவை மட்டும். 1974இல் பில்லி கிரகாம் முன்னின்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூட்டிய மாநாட்டில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். சுவிசேஷத்தையும் சமூக அக்கறையையும் ஒன்றுக்கொன்று எதிரானவை போல நினைத்ததற்காக வருந்துகிறோம், இரண்டுமே நம் கடமை என்று அதில் இருக்கிறது. அது உலகம் முழுவதிலிருந்தும் சுவிசேஷத்துக்காகவே கூடிய கூட்டம் என்பதைக் கவனியுங்கள்.

தர்மம் செய்றதும் நீதி கேக்குறதும் ஒண்ணுதானே?

இல்லை. ஒரு குடும்பம் மாதாமாதம் சபைக்கு வந்து உதவி வாங்குகிறது என்று வையுங்கள். கொடுத்து அனுப்புவது தர்மம். அவர்கள் சம்பளம் மாசம் பாதி முடிவதற்குள் எங்கே போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார், கந்து வட்டிக்குப் போகிறது என்று தெரிகிறது. அந்த வட்டிக்காரரிடம் போய்ப் பேசுவது, சட்டப்படி என்ன வழி என்று பார்ப்பது, அடுத்த குடும்பம் அதே கடனில் விழாமல் தடுப்பது, இதெல்லாம் நீதி. முதலாவதைச் செய்ய ஒரு மணி நேரம் போதும். இரண்டாவதுக்கு வருஷக்கணக்கில் ஆகும், எதிரிகளும் வருவார்கள். சபைகள் முதலாவதோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆமோஸ் தீர்க்கதரிசி கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில் கத்தினது கள்ளத் தராசைப் பற்றியும், ஒரு ஜோடு பாதரட்சைக்கு எளியவனை விற்றதைப் பற்றியும்தான். ஏழைக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பிச்சை போடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, தராசைச் சரிபண்ணச் சொன்னார். அதற்காகத் தர்மம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. தராசு சரியாகும்வரை பசி காத்திருக்காது.

இதெல்லாம் இப்போ வந்த புதுச் சிந்தனைதானே? பழைய காலத்து சபை இப்படி இல்லையே?

4ஆம் நூற்றாண்டிலேயே, பின்னால் செசரியாவின் (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) ஆயரான பசிலியு, பஞ்ச காலத்தில் தானியத்தைப் பதுக்கினவர்களைப் பிரசங்க பீடத்திலிருந்து நேருக்கு நேர் கண்டித்தார், உன் வீட்டில் பூட்டி வைத்திருக்கிற அப்பம் பசித்தவனுடையது என்கிற தோரணையில். பேச்சோடு விடவில்லை. நோயாளிகள், வழிப்போக்கர், தொழுநோயாளிகள் எல்லாரும் வந்து தங்குவதற்கு ஊருக்கு வெளியே ஒரு பெரிய வளாகமே கட்டினார்.

அப்புறம் 1865இல் லண்டனின் ஏழைப் பகுதியில் வில்லியம் பூத், கேத்தரின் பூத் தம்பதியர் தொடங்கியது பின்னால் இரட்சணிய சேனை ஆனது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ எழுதிய ரேரும் நோவாரும் சுற்றுமடல், தொழிலாளிக்குக் குடும்பம் நடத்தப் போதுமான கூலி வேண்டும், சங்கம் சேர அவனுக்கு உரிமை உண்டு என்று சொன்னது. இப்போது வந்த ஃபேஷன் என்று சொல்வதற்கு இடமே இல்லை.

ஜெபம் பண்ணினா போதாதா?

1980களில் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் திங்கட்கிழமைதோறும் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். ஆரம்பத்தில் சின்னக் கூட்டம். 1989 அக்டோபர் 9 அன்று அந்த ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு ஊரே சேர்ந்து, ஏறத்தாழ 70,000 பேர் நடந்தார்கள். சுடுவார்கள் என்ற பயம் இருந்தும் நடந்தார்கள். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

ஜெபம் அவர்களை உள்ளேயே உட்கார வைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. வேலையற்ற ஒருவருக்காக வாராவாரம் ஜெபித்துவிட்டு, சபையில் கம்பெனி நடத்துகிற அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனால் அந்த ஜெபத்தை நாமே நம்பவில்லை என்றுதான் ஆகும்.

நம்ம சபை ஜனங்களுக்கே செய்ய முடியல, வெளியாட்களுக்கு எதுக்கு?

விசுவாச வீட்டாருக்கு விசேஷமாகச் செய்யுங்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினது உண்மை. அதே வசனத்தின் முதல் பாதியில் யாவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறார், அதை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது.

ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை வெறுத்தவர். 362 வாக்கில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதின கடிதத்தில் அவர் பொருமுகிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளையும் பார்க்கிறார்கள், நம் ஏழைகளையும் பார்க்கிறார்கள், நமக்குத்தான் அவமானம் என்று. எதிரியே கொடுத்த சான்றிதழ் அது. உள்ளே இருப்பவர்களை மட்டும் கவனித்துக்கொள்ளும் சபைக்கு யாரும் அப்படி ஒரு சான்றிதழ் தரமாட்டார்கள்.

உதவி செஞ்சு செஞ்சு அவங்களைச் சோம்பேறி ஆக்கிடுறோமே?

வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்கிற வசனத்தைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். மனதில்லாதவன் என்று இருக்கிறது. வேலை கிடைக்காதவன், முடியாதவன், செய்த வேலைக்குக் கூலி கிடைக்காதவன் எல்லாரும் அதில் வரமாட்டார்கள்.

ஆனாலும் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. வெள்ளம் வந்த வாரத்தில் செய்கிற உதவியும் மூன்று வருஷம் கழித்துச் செய்கிற உதவியும் ஒரே மாதிரி இருந்தால் எங்கோ தவறு. முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், பிறகு எழுந்து நிற்கக் கை கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் நடக்கிற பாதையில் கிடக்கிற கல்லை அகற்ற வேண்டும். லேவியராகமம் 19இல் வயலின் ஓரங்களை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. ரூத் அப்படித்தான் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். நாள் முழுக்க வேலை செய்தாள், யாரிடமும் கையேந்தி நிற்கவில்லை. அந்த ஏற்பாட்டை மனதில் வைத்து உங்கள் திட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

எங்க சபையில மொத்தமே நாற்பது பேர். பணமும் இல்ல. நாங்க என்ன செஞ்சிட முடியும்?

முதல் வேலை, எதையும் கொடுக்காதீர்கள். தெருவில் நடந்து போய்க் கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு பேராகப் போய், இங்கே வாழ்வதில் எது கஷ்டம் என்று ஒரே ஒரு கேள்வி. நீங்கள் உணவுப் பொட்டலம் கொடுக்கலாம் என்று நினைத்துப் போயிருப்பீர்கள், அவர்களோ முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை, ஆபீசில் அலையவிடுகிறார்கள் என்பார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஒரு மேசை, ஒரு நாற்காலி. இதற்குக் காணிக்கைப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, உங்களிடம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். நாற்பது பேரில் ஒரு நர்ஸ் இருப்பார், ஒரு எலக்ட்ரீஷியன் இருப்பார், ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார். கட்டடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு சாயங்காலம் விளக்கும் பெஞ்சும் கிடைத்தாலே பெரிய காரியம். ஏற்கெனவே யாராவது அந்தப் பகுதியில் நல்ல வேலை செய்துகொண்டிருந்தால் புதிதாக போர்டு மாட்டாமல் அவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், அவர்கள் வேறு மதத்தவராக இருந்தாலும் சரி. பாபிலோனில் சிறையிருப்பில் இருந்த ஜனங்களுக்கே, நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான் எரேமியா எழுதினார்.

உதவி வாங்க வர்றவங்களை ஆராதனைக்கு வரச் சொல்லலாமா? வந்தாதான் தருவோம்னு சொல்றது தப்பா?

தப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெபக் கூட்டத்துக்கு டோக்கன், அந்த டோக்கனைக் காட்டினால் பொட்டலம் என்பது பசியை வைத்துப் பண்ணுகிற வியாபாரம். வருகிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார், ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

1994இல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய உதவி அமைப்புகளும் சேர்ந்து பேரிடர் நிவாரணத்துக்கு நடத்தை விதிகள் வகுத்தன. தேவையை மட்டும் பார்த்து உதவ வேண்டும், உதவியை ஒரு மத நிலைப்பாட்டை வளர்க்கக் கருவியாக்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. அதை முன்வைத்தவர்களில் கத்தோலிக்கரின் உதவி அமைப்பான காரித்தாஸும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. அதாவது சபைகளே ஏற்றுக்கொண்ட விதி. யாராவது தானாகக் கேட்டால், நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால், தாராளமாகச் சொல்லுங்கள். பொட்டலம் ஏற்கெனவே அவர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டோ எடுக்கலாமா? நன்கொடை தர்றவங்க கேக்குறாங்களே?

ஒரு பாட்டி, ஒரு பை, பையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை மூன்று கமிட்டி உறுப்பினர்களும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். படம் சரியாக வரவில்லை என்று பாட்டியை இன்னொரு தடவை வாங்கச் சொல்கிறார்கள். இது எத்தனை இடத்தில் நடக்கிறது! அந்தப் பாட்டியின் பேரன் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வேலையைப் படம் எடுங்கள். அடுக்கி வைத்த பொருள்கள், பழுது பார்த்த கூரை, வகுப்பு நடக்கிற அறை. முகம் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள், வேண்டாம் என்று சொன்னாலும் உதவி நிற்காது என்பதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நன்கொடையாளருக்குக் கணக்கை அனுப்புங்கள். படத்தைவிட அதுதான் அவருக்கு உரிமையானது.

சரி, கணக்கு எப்படி வைக்கிறது? நம்ம ஆட்கள்தானே, நம்பிக்கை போதாதா?

பவுலே தன்னை நம்பச் சொல்லவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் திரட்டின பணத்தைக் கொண்டுபோகும்போது தீத்துவோடு சபைகளே தெரிந்தெடுத்த ஆளையும் சேர்த்து அனுப்புகிறார். யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8). பணத்தை எண்ண எப்போதும் இரண்டு பேர், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. சமூகப் பணிக்கென்று வந்த பணத்தைக் கட்டட நிதிக்குத் திருப்பக் கூடாது, கடனாகக்கூட. வருஷத்துக்கு ஒருமுறை வெளி ஆள் தணிக்கை செய்து, சபை முன்னால் வாசிக்க வேண்டும்.

சபை அரசியல் பேசலாமா?

கட்சி அரசியல் வேண்டாம். பிரசங்க பீடத்தில் நின்று இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்கிற நாளில் சபை அந்தக் கட்சியின் கிளை ஆபீஸ் ஆகிவிடும், நாளைக்கு அதே ஆள் தப்பு செய்தால் வாய் திறக்க முடியாது. பல நாடுகளில் சட்டமும் இதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கூலி, நிலம், சிறை, தண்ணீர், கடன் இவையெல்லாம் அரசியல் என்று ஒதுக்கினால், மேலே சொன்ன ஆமோஸைப் பைபிளிலிருந்து கிழித்துப் போட வேண்டியதுதான்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தபோது சபைகள் என்ன செய்தன? ஆலயங்களில் கூட்டம் நடந்தது, காணிக்கை எடுத்தார்கள், அந்தப் பணத்தில் வாங்கின பெரிய கார்களில் சபையின் பெயர் எழுதப்பட்டிருந்தது, வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கினார்கள். 381 நாள் அப்படி ஓட்டினார்கள், நீதிமன்றத் தீர்ப்பு வந்து பேருந்தில் இனப் பிரிவினை ஒழிந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சு எல்லாருக்கும் ஞாபகமிருக்கிறது, எனக்கு அந்தக் கார்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

விலையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எல் சால்வடோரில் பேராயர் ஆஸ்கர் ரொமெரோ, சொந்த மக்களைச் சுடாதீர்கள் என்று ராணுவ வீரர்களை நேராகக் கேட்டுக்கொண்டார். மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றும்போதே சுட்டுக் கொன்றார்கள்.

தொழிலாளிகளுக்குச் சரியா சம்பளம் தராத ஒருத்தர் பெரிய காணிக்கை தர்றார். வாங்கலாமா?

யாக்கோபு 5ஐ அவரோடு உட்கார்ந்து படிக்க முடியுமா என்று பாருங்கள், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற பகுதி. படிக்கத் தைரியம் இல்லை என்றால் அந்தக் காணிக்கை ஏற்கெனவே உங்கள் வாயை அடைத்துவிட்டது. வரி வசூலிக்கிற சகேயு இயேசுவைச் சந்தித்ததும் ஆலய நிதிக்கு எழுதித் தரவில்லை, யாரிடம் அநியாயமாக வாங்கினானோ அவர்களுக்கே நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். முதலில் தொழிலாளிக்கு, பிறகு சபைக்கு.

390இல் தெசலோனிக்கேயில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதற்காகப் பேரரசன் தியோடோசியுவுக்கே, நீ மனந்திரும்பாமல் நற்கருணை இல்லை என்று மிலான் ஆயர் அம்புரோசு எழுதினார். பேரரசன் பகிரங்கமாகத் தவமிருந்தான். நம் சபையின் கொடையாளர் பேரரசனைவிடப் பெரியவரா என்ன? அப்படியே, சபையைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் வாட்ச்மேனுக்கும் என்ன சம்பளம் தருகிறோம் என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சபையே எவ்வளவு அநியாயம் பண்ணியிருக்கு! எந்த முகத்தோட நீதி பேசுறது?

உண்மைதான், இதைச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. கரீபியன் தீவான பார்படோஸில் இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்த ஒரு மிஷன் சங்கத்தின் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைக் காய்ச்சின இரும்பால் சூடு போட்டார்கள். இங்கிலாந்து திருச்சபை மன்னிப்புக் கேட்டது 2006இல். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்கிற சபைப் பிரிவு 1845இல் பிரிந்து உருவானதே அடிமை வைத்திருப்பவர்களுக்கு ஆதரவாக. வருத்தம் தெரிவித்தது 1995இல். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு வேத ஆதாரம் தேடிக் கொடுத்ததும் ஒரு சபைதான், அதை எதிர்த்து நின்ற பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் சபைதான்.

மன்னிப்புக் கேட்பதோடு நின்றால் அது வெறும் அறிக்கை. ஆவணங்களைத் திறப்பது, பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது, இழப்பீடு தருவது, இதெல்லாம் நடந்தால்தான் நீதி பற்றி நாம் சொல்வதை யாராவது கேட்பார்கள்.

பிள்ளைகளோட வேலை செய்றோம். ஒரு ஊழியர் மேல புகார் வந்துச்சு. சபையோட பெயர் கெடாம உள்ளுக்குள்ளயே பேசி முடிக்கலாமா?

கூடாது. உடனே போலீசுக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும், அந்த ஆளை அன்றைக்கே பிள்ளைகளோடு உள்ள பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும். உள்ளேயே விசாரித்து, இடம் மாற்றி அனுப்பி, பல நாடுகளில் சபைகள் இன்னும் எத்தனையோ பிள்ளைகளைப் பலி கொடுத்தன. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்.

நாங்க நல்லாத்தான் செய்றோம், ஆனா வாங்குறவங்க குறை சொல்லிக்கிட்டே இருக்காங்க. என்ன செய்றது?

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் முதல் சபையிலேயே இது நடந்தது. அப்போஸ்தலர் 6: கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழும்புகிறது. அப்போஸ்தலர்கள் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெயர்களைப் படியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே சாவியைக் கொடுத்ததாகத்தான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

அதனால் குறை சொல்கிறவர்களில் இரண்டு பேரை அடுத்த கமிட்டி கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பேசிவிட்டுப் போகச் சொல்ல வேண்டாம், ஓட்டுரிமையோடு உட்கார வையுங்கள். பட்டியல் தயாரிப்பது, பொருள் வாங்குவது, யாருக்கு முதலில் என்று முடிவு செய்வது எல்லாம் அவர்கள் கையிலும் இருக்கட்டும். கூட்டம் நீளும், பழைய உறுப்பினர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் விலகியும் போவார்கள்.

இந்த வேலையை எப்போ நிறுத்தலாம்?

முந்தின பதிலில் சொன்ன அந்த இரண்டு பேர் உங்களைக் கேட்காமலே கூட்டம் போட ஆரம்பித்தால், சாவியையும் கணக்கு நோட்டையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். கணக்கு நோட்டைக் கொடுக்கும்போது கடைசித் தணிக்கை அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்.